ரேடியோ பேசாத பத்து நிமிடம்

எங்கள் தெருமுனை சலூன்காரருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். ஊர்க்கதை, உலகக்கதை, அவர் மாமியார் கதை என்று துண்டை உதறும்வரை ஓயாது. கத்தி பிடரிக்கு வரும்போது மட்டும் ஒரு சின்ன இடைவேளை: "மோவாயை நெஞ்சுல வைங்க." இருபத்தாறு வருடமாக, ஒவ்வொரு தலைக்கும் இதே வார்த்தைதான்.

அன்று என் தம்பி காலையிலிருந்து தலைவலி என்று சுருண்டு கிடந்தான். இரண்டு முறை வாந்தி வேறு. மறுநாள் அவனுக்கு நேர்காணல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேர்காணல் என்றாலே துரைக்கு ஏதாவது வலிக்கும். போன தடவை வயிறு. ஒரு மாத்திரையைக் கொடுத்து, இழுத்துக்கொண்டு போய் சலூன் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

பக்கமெல்லாம் வெட்டிவிட்டு ரேடியோ, "மோவாயை நெஞ்சுல வைங்க தம்பி" என்றார்.

"முடியலண்ணே" என்று முனகினான்.

ரேடியோ அவன் பிடரியில் கைவைத்துப் பார்த்தார். கண்ணாடிமேல் எரிந்த விளக்குக்கு அவன் கண்களை இறுக்கி மூடியிருந்ததையும் பார்த்தார். மாமியார் கதை பாதியில் நின்றது.

"என்னண்ணே, சுளுக்கா?" என்றேன்.

"சுளுக்குன்னா திரும்பத்தான் வலிக்கும். இது குனியவே மாட்டேங்குது. உடம்பும் அனலாக் கொதிக்குது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அதான் மாத்திரை போட்டிருக்கானே! நீங்க முடிய வெட்டுங்க, வைத்தியம் பாக்காதீங்க."

"முடி எங்கயும் ஓடாது. தூக்குடா தம்பிய!"

காத்திருந்த இருவரையும், திறந்த கடையையும் அப்படியே விட்டுவிட்டு அவரும் என் டெலிவரி வேனில் ஏறினார். தம்பியின் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டார். பத்து நிமிடப் பயணத்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போதுதான் நான் வேனை வேகமாக விரட்டினேன்.

முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையைச் சுற்றியிருக்கும் சவ்வில் பாக்டீரியா தொற்று. மருந்தை நரம்பில் ஏற்றிவிட்டு, "தூங்கினா சரியாயிடும்னு விட்டிருந்தா, காலையில எழுந்திருப்பாரான்னு சொல்ல முடியாது" என்றார் டாக்டர். அப்படித்தான் விட இருந்தேன், பாவி நான்.

ஐந்து வாரம் கழித்து, பிடரியில் காடாக மண்டிய முடியோடு தம்பி அதே நாற்காலியில் உட்கார்ந்தான். நோய் போனாலும் இடது காது இனிக் கேட்காது என்று சொன்னேன். ரேடியோ வலப்பக்கம் போய் நின்றார்.

"மோவாயை நெஞ்சுல வைங்க தம்பி."

தலை குனிந்தது. மோவாய் நெஞ்சைத் தொட்டது.

ரேடியோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, தம்பியின் கழுத்தில் கட்டியிருந்த துண்டின் நுனியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மாமியார் கதையை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார், அவனுடைய வலது காதில்.