பச்சை பெல்ட்டுக்கு அடியில்

2024
டிசம்பர் 2. மாத்திரை. ரூ. 60
டிசம்பர் 5. ஊசி. ரூ. 350
டிசம்பர் 8. ரத்தப் பரிசோதனை. ரூ. 900
டிசம்பர் 11. குளுக்கோஸ், மூன்று பாட்டில். ரூ. 2,400
டிசம்பர் 13. அரசு மருத்துவமனை. ஆட்டோ மட்டும், ரூ. 120

பேராவூரணி தேங்காய் வியாபாரி லியாகத் அலிக்குக் காய்ச்சல் இறங்கவே இல்லை. படுத்தால் புரளச் சொன்னது உடம்பு; உட்கார்ந்தால் தலை பிளந்தது. அறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். அவரும் மனைவி ஜன்னத் பீவியும் ஹஜ்ஜுக்குப் பதிந்திருந்தார்கள். உடல் தகுதிச் சான்றிதழ் டிசம்பருக்குள் வராவிட்டால் இரண்டு இடமும் வேறு யாருக்காவது போய்விடும் என்று பயண அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

"நான் போகாட்டி நீயும் போக முடியாதே" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மொதல்ல வாசலுக்குப் போறத நிறுத்துங்க. மக்காவுக்கு அப்புறம் போவலாம்" என்றார் ஜன்னத் பீவி.

டைபாய்டு என்று போட்ட ஊசி கேட்கவில்லை. அரசு மருத்துவமனையில் டாக்டர் வானதி அக்குள், காதுக்குப் பின்புறம் எல்லாம் தேடிப் பார்த்தார்.

"பாய், உடம்புல எங்கயாச்சும் கருப்பா பொருக்கு இருக்கா? சிகரெட்டால சுட்ட மாதிரி?"

"இல்லம்மா."

"பெல்ட்டக் கழட்டுங்க."

லியாகத் அலியின் கை கைலிக்கு மேலிருந்த அகலமான பச்சை பெல்ட்டை இறுகப் பற்றியது. பயணத்துக்குப் பணம் கட்டிய ரசீது அதன் பையில்தான் இருந்தது. தூங்கும்போதுகூட அவர் அதைக் கழற்றுவதில்லை.

"ரசீது ஓடிடாது. நான் பிடிச்சுக்கறேன்" என்று ஜன்னத் பீவியே பெல்ட்டை அவிழ்த்தார்.

இடுப்பில் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு.

"பெல்ட் உரசின புண்ணும்மா அது. வலிகூட இல்ல."

"வலிக்காது. தோப்புல புல்லுல உட்காருவீங்களா?"

"காய் எண்ணி முடியிற வரைக்கும் அங்கதான்."

"இது உண்ணிக் காய்ச்சல். டைபஸ்னு பேரு. டைபாய்டு வேற."

"மாட்டு உண்ணியா?"

"அதைவிடப் பொடி, கண்ணுக்கே தெரியாது. துணி இறுக்கிற இடமாப் பாத்துக் கடிக்கும். ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்கு ஒட்டாது. ஒரு வாரத்துக்கு மாத்திரை தர்றேன். காய்ச்சல் விட்டாலும் பாதியில நிறுத்தக் கூடாது."

மூன்றாம் நாள் வியர்த்துக் காய்ச்சல் விட்டது. கால் மட்டும் நிற்கவில்லை. தெருமுனை வரை போனாலே நடுங்கியது. கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவரைப் பிடித்து நடந்தார். கால் பழகட்டும் என்று ஜன்னத் பீவி கூடவே நடந்தார். டிசம்பர் 27 அன்று பரிசோதனை செய்து சான்றிதழில் கையெழுத்துப் போட்டார்கள். அன்றே லியாகத் அலி அதைத் தபாலில் சேர்த்தார்.

அதன்பிறகு வேறு விதமான தவிப்பு. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போனார். தோப்பில் இப்போது பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீடு திரும்பியதும் குளித்துத் துணி மாற்றினார். தோப்பிலும் கண் சாலையில்தான் இருந்தது.

பயண அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை ஜன்னத் பீவிதான் பிரித்துப் படித்தார். போகிறவர்கள் பட்டியலில் இரண்டு பெயரும் இருந்தன. லியாகத் அலி கையை நீட்டினார்.

"எதுக்கு, பெல்ட்டுல வைக்கவா? இது என் பீரோவுல இருக்கட்டும்."

கடிதம் வந்த நாள் 2025 பிப்ரவரி 11.