செலாய் அண்ணி துவைத்த சட்டைகள்

யாரையும் சட்டென்று நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். கடையில் மீன் டின் வாங்கினால்கூட அடியைத் திருப்பித் தேதி பார்ப்பேன். எங்கள் தீவில் வைந்தலோ என்கிற எங்கள் ஊர் ரக்பி கிளப்பில் பதினோரு வருஷமாகப் பயிற்சி கொடுக்கிறேன். அந்தப் பதினோரு வருஷமும் கொரோதாவாக்காரன் எங்களை வேவு பார்க்கிறான் என்றே நினைத்து வந்திருக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் ஊர். அவன் பெண்ணை நாங்கள் கட்டுவோம், எங்கள் பெண்ணை அவன் கட்டுவான், சனிக்கிழமை ஆனால் ஒருத்தன் மூக்கை ஒருத்தன் உடைப்போம்.

அப்படிக் கட்டி வந்தவள்தான் செலாய் அண்ணி. என் பெரியப்பா மகன் இசிகேலியின் மனைவி.

எங்கள் கிளப்பை 1961இல் ஆரம்பித்தார்கள். மாடு மேய்ந்த இடத்தில் தென்னையை வெட்டிச் சாய்த்து, மூங்கில் கம்பம் நட்டார்கள். சட்டை வாங்க வக்கில்லை. சர்ச் பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டையைப் போட்டுச் சனிக்கிழமை ஆடிவிட்டு, அதே சேற்றோடு ஞாயிற்றுக்கிழமை நின்று பாடினார்களாம். போதகர் கொதித்துப்போய்விட்டார். இனி சட்டையைத் துவைப்பது கேப்டன் வீட்டுப் பொறுப்பு என்று அன்றைக்கு முடிவானது. இசிகேலி கேப்டன் ஆனபோது மூட்டை செலாய் அண்ணியிடம் வந்தது. அவன் ஆட்டத்தை விட்ட பிறகும் அவள் அதை விடவில்லை. இருபத்திரண்டு வருஷம்.

ரத்தக் கறைக்கு உப்புப் போட்ட பச்சைத் தண்ணீர், சுடுதண்ணீர் பட்டால் கறை நிரந்தரம் என்பாள். சட்டையைப் பார்த்தே ஆட்டத்தைச் சொல்லிவிடுவாள். "என்ன தம்பி, முதுகுல ஒரு பொட்டு சேறு இல்ல? பந்து பக்கம் போகவே இல்லியா?" என்று ஊரே கேட்கக் கேட்பாள். தடித்தடியான பயல்கள் அவளைக் கண்டால் வேறு வழியில் போவார்கள்.

இசிகேலி செத்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளை குட்டி இல்லை. நூறாம் நாள் காரியம் முடிந்ததும் அவள் அண்ணன் தனியேலா காணிக்கையாகத் திமிங்கலப் பல்லை எடுத்து வந்து, தங்கச்சியை அனுப்புங்கள் என்று முறைப்படி கேட்டான். தனியேலா யார் தெரியுமா? கொரோதாவா அணியின் பயிற்சியாளன். எனக்கு மச்சான் முறை. அண்ணி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "பதினஞ்சு சட்டை ஊறிட்டு இருக்குண்ணே. எப்படி வர்றது?" எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் உண்மை அதுதான். அந்த மூட்டைதான் அவளுக்கு இந்த ஊரில் இருந்த பிடி. அது போனால் புருஷன் இல்லாத வெளியூர்க்காரி, அவ்வளவுதான்.

போன வருஷம் நான் ஒரு ரகசியக் குறி கண்டுபிடித்தேன். பந்து கோட்டுக்கு வெளியே போனால் லைன் அவுட். இரண்டு அணியும் பக்கத்துப் பக்கத்தில் வரிசை கட்டி நிற்கும், நடுவில் வீசுகிற பந்துக்கு எகிற வேண்டும். பந்து வரிசையின் முன்னால் வருமா, நடுவிலா, கடைசியிலா என்பது நம் ஆளுக்கு மட்டும் தெரிய வேண்டும். சர்ச் சுவரில் அந்த வாரப் பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவார்கள் இல்லையா? முதல் பாட்டின் எண்ணைக் கத்தினால் முன்னால், இரண்டாவது என்றால் நடு, மூன்றாவது என்றால் கடைசி. வாராவாரம் எண் மாறும். எவனாலும் பிடிக்க முடியாது. எனக்கே என் மூளையை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

மார்ச்சில் கொரோதாவா எங்களை நார் நாராகக் கிழித்தது. நாங்கள் எண்ணைச் சொல்லி வாயை மூடுவதற்குள் அவன் ஆள் அந்த இடத்தில் எகிறி நிற்கிறான்! ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, ஒன்பது தடவை.

யாரோ காட்டிக் கொடுக்கிறார்கள். யார்?

மறுநாள் அண்ணி வீட்டுப் பக்கம் போனேன். துவைக்கிற கல்லின் ஓரத்தில் பிளாஸ்திரித் துண்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. வார நடுவில் பயிற்சிக்கு வரும்போதே பயல்கள் மறந்துவிடாமல் இருக்க எண்களைப் பிளாஸ்திரியில் எழுதி மணிக்கட்டில் ஒட்டிக்கொள்வார்கள். அது சட்டைக் கையில் ஒட்டி இவளிடம் வந்திருக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் நடந்த பயிற்சிச் சட்டையிலும் வந்திருக்கும். அந்த வாரம்தானே இவள் அண்ணன் பேரனின் பிறந்தநாள் என்று அக்கரைக்குப் போய் வந்தாள்?

"இத ஏன் அண்ணி எடுத்து வச்சிருக்கீங்க?"

"சட்டையில ஒட்டியிருந்துச்சு, பிச்சு வச்சேன். உனக்கு வேணுமா?"

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள் பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூனில் மறுபடி கொரோதாவாவோடு ஆட்டம். அதற்கு முன்னால் பொறி வைத்தேன். பொய் எண்களை எழுதிய பிளாஸ்திரியை ஒரு பயிற்சிச் சட்டைக்குள் ஒட்டித் துவைக்க அவளிடம் அனுப்பினேன். ஆட்டத்தில் கொரோதாவாக்காரன் அந்தப் பொய்யை நம்பவே இல்லை. சரியான இடத்தில்தான் எகிறினான். நல்ல புத்தி உள்ளவன் அங்கேயே அவள் மேல் தப்பில்லை என்று விட்டிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பொறியைக் கண்டுகொண்டாள், பலே கைகாரி!

கமிட்டியில் சொன்னேன். ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை. நானே போய் மூட்டையைக் கேட்டேன்.

"வயசாகுது அண்ணி. கொஞ்சம் ஓய்வெடுங்க."

"அம்பத்தோரு வயசுடா எனக்கு. என்ன விஷயம், சொல்லு."

"விஷயம் ஒண்ணுமில்ல."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய், ஈரச் சட்டைகளைப் பிழிந்து மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகு அவள் வந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பாய் முடைகிற இடத்தில் அவளுக்கு இடம் இருந்தது, பேச்சு இல்லை. நான் எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். எப்போது ஆற்றுப் பக்கம் போகிறாள், யாரோடு பேசுகிறாள் என்று.

ஆகஸ்டில் கோப்பை ஆட்டம், கொரோதாவா மைதானத்தில். சட்டையை அவள் தொட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது. அப்படியும் தோற்றோம், அதே மாதிரி. மழை கொட்டி ஆற்றுப் பாலத்தின் மேல் தண்ணீர் போனதால் எங்கள் லாரி திரும்ப முடியவில்லை. தோற்ற ஊரிலேயே தங்கி, மறுநாள் காலை அவர்கள் சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். வாழ்க்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நான் வேறு ஊர் சர்ச்சில் கும்பிட்டதில்லை. எங்கள் ஊரில் எல்லோருமே அப்படித்தான். அண்டை ஊர் வீட்டுக்குப் போனாலும் சனிக்கிழமையே திரும்பிவிடுவோம். அவரவர் பெஞ்ச் அவரவருக்கு.

போதகர் அன்றைய பாட்டு எண்களைப் பலகையில் மாட்டினார். பக்கத்தில் போன வாரப் பலகையை இன்னும் எடுக்கவில்லை. முப்பத்தேழு, நூற்றுப் பன்னிரண்டு, எண்பது.

நேற்று நாங்கள் தொண்டை கிழியக் கத்தியது அதைத்தான்.

முன் பெஞ்சிலிருந்து தனியேலா திரும்பினான். பல்லெல்லாம் வெளியே தெரிந்தது. "வட்டாரப் பெரிய போதகர் பதினாலு ஊருக்கும் ஒரே பட்டியல்தான் அனுப்புறார் மச்சான். உனக்குத் தெரியாதா? நாங்க மார்ச்சுலேயே சிரிச்சு உருண்டோம். நீ ஏன் மாத்தலைன்னுதான் புரியல!"

அவனுக்குத் தங்கச்சியை நாங்கள் என்ன பண்ணினோம் என்று தெரிந்திருக்கவில்லை. அவள் அண்ணனிடம்கூட மூச்சு விடவில்லை.

செவ்வாய்க்கிழமை கமிட்டி மொத்தமும் கவா பானத்துக்கு இடிக்கிற வேரைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு அண்ணி வீட்டுக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தது. முறைப்படி மன்னிப்புக் கேட்டது நான். அந்த வேர்க் கட்டைத் தொட்டால் மன்னித்ததாக அர்த்தம். அவள் தாமதிக்காமல் தொட்டாள். எல்லோரும் கை தட்டினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சட்டை மூட்டையை அவள் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

அவள் அதைத் தொடவில்லை.

"கிளப்ப மன்னிச்சிட்டேன். நீ மட்டும் ஒண்ணு சொல்லு நேமானி. வர்ற மார்ச்சுல என் அண்ணன்கிட்ட மறுபடி தோக்குறீங்கன்னு வச்சுக்கோ. மொதல்ல யார் மூஞ்சியப் பாப்ப?"

கவா வைத்த பாயில் உட்கார்ந்து பொய் சொல்ல எங்களில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. "உங்கள இல்ல அண்ணி" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை. என் புத்தி எனக்குத் தெரியாதா? தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் பாயை விட்டு எழுந்தாள்.

"இருவத்தெட்டு வருஷம் இருந்துட்டேன்டா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "நாளைக்கு லாரி சும்மாதான இருக்கு?"

மறுநாள் காலையில் கொரோதாவாவுக்கு நான்தான் ஓட்டினேன். அவளுக்காக முன் சீட்டைத் துடைத்து வைத்திருந்தேன். அவள் பின்னால் ஏறி, தன் பாய்ச் சுருளின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.