உள்ளே பார்க்காத இன்ஸ்பெக்‌ஷன்

மரக்காணம் உப்பளத்தில் நாங்கள் பன்னிரண்டு பெண்கள் உப்பு சுமக்கிறோம். அதில் பிளஸ் டூ முடித்தவள் ஜான்சி ஒருத்திதான். கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரியில் கன்னியர் மடத்து நூலகத்தில் தூசி தட்டும் வேலை பார்த்தாள். அங்கே ஒரு தடித்த அகராதி இருந்ததாம். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லும் எங்கிருந்து வந்தது என்று அதில் போட்டிருக்குமாம். சாப்பாட்டு நேரத்தில் தினம் ஒரு சொல் படித்துக்கொள்வாள்.

எங்கள் உப்பளத்தில் ஒரு கழிப்பறை உண்டு. நீலக் கதவில் 'பெண்கள்' என்று எழுதியிருக்கும். கீழே குழியும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் போட்டோவுக்குக் கட்டியது. லாரிக்காரர்கள் பூட்டை உடைத்துப் போய்ப் போய், பீங்கான் நிரம்பி, வழிந்து, காய்ந்து, அதன் மேலேயே மறுபடியும் போயிருந்தார்கள். கதவிடுக்கில் புழு நெளியும். சுற்றிலும் வெட்டவெளி. விடியற்காலை நாலு மணியிலிருந்து மதியம்வரை நாங்கள் அடக்கிக்கொண்டு நிற்போம். இந்த வருஷம் ஜான்சிக்கு இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து ரத்தமாகப் போனது.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழிப்பறையைச் சோதிக்க அரசு அதிகாரி வருவார். கார் பக்கத்திலேயே நின்று, மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, 'சரியாக உள்ளது' என்று நோட்டில் எழுதுவார். கூடவே ஒரு தொழிலாளியும் கையெழுத்துப் போட வேண்டும். போன இரண்டு முறையும் ஜான்சியைத்தான் போடவைத்தார்கள். போடாவிட்டால் மறுநாள் வேலை இல்லை.

இந்த முறையும் மேஸ்திரி தேசப்பன் கூப்பிட்டார். "ஏம்மா ஜான்சி, சீக்கிரம் போடு. சாருக்கு டைம் ஆவுது."

அவள் பேனாவை வாங்கிக்கொண்டு கேட்டாள். "சார், உள்ள பாத்தீங்களா?"

"பாத்த மாதிரிதாம்மா. இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சிடுச்சு."

"இன்ஸ்பெக்ட்னா லத்தீன்ல உள்ள பாக்கறதுங்க சார். 'இன்'னா உள்ள, 'ஸ்பெக்கெரே'ன்னா பாக்கறது. நீங்க வெளியதான பாத்தீங்க?"

பின்னால் எங்களோடு நின்ற சின்னப்பாப்பா சிரித்துவிட்டாள். "அடியே, சாருக்கே டியூஷனாடி!"

"யார்கிட்ட பேசற? ரெஸ்பெக்டா பேசு!" என்று தேசப்பன் கத்தினார்.

"அதுவும் அதே வேர்தாங்க மேஸ்திரி. ரெஸ்பெக்ட்னா திரும்பிப் பாக்கறது. மூணு வருஷமா எங்கள யாருங்க திரும்பிப் பாத்தது?"

குனிந்து, அதிகாரியின் எழுத்துக்குக் கீழே 'உள்ளே பார்க்கவில்லை' என்று தமிழில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நோட்டில் பக்க எண் அச்சடித்திருந்தது. கிழிக்க முடியாது. அதிகாரி அந்த வரியைப் படித்தார். அப்புறம் வரப்பில் ஷூ வழுக்க வழுக்க நடந்துபோய்க் கதவைத் திறந்தார். திறந்த வேகத்தில் திரும்பி, பாத்தி ஓரத்திலேயே வாந்தி எடுத்தார். அவர் வாய் கொப்பளிக்கத் தேசப்பன் ஓடிப்போய்த் தண்ணீர் பாட்டில் கொடுத்தார். எங்களில் யாருக்காகவும் மேஸ்திரி அப்படி ஓடியதில்லை.

மறுநாள் ஜான்சியை வேலைக்கு எடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் குழி வெட்டித் தண்ணீர்த் தொட்டியும் வைத்தார்கள். புதுக் கதவுக்கு மாலை போட்டு, தேசப்பன் அதன் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஜான்சி இப்போது கூனிமேட்டில் இறால் உரிக்கப் போகிறாள். அங்கே வசதி எப்படி என்று கேட்டேன். முதல் நாள் கழிப்பறைக்குள் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கூலியே பேசினாளாம்.