கடைசிப் பத்து செகண்ட்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் ஒரு அநியாயம் நடந்தது. யார் செய்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரிடம் போய்ச் சொல்ல? அதனால் உங்களிடம் கொட்டுகிறேன்.

என் வீட்டுக்காரர் செஸ் ஆடுவார். போனில், முகம் தெரியாதவர்களோடு, ஆளுக்கு மூன்று நிமிடம் வைத்து ஆடுகிற பிளிட்ஸ். நேரம் தீர்ந்தால் ராஜா நன்றாக இருந்தாலும் தோல்விதான். விருதுநகரில் பஸ் ஏறி சிவகாசியில் இறங்குவதற்குள் நாலைந்து பேரைச் சாய்த்துவிடுவார். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே கெட்டிக்காரர்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அளவில் ஒரு ஆன்லைன் போட்டி. முதல் மூன்று பேர் சென்னைக்குப் போய் நேரில் ஆடலாம். இவருக்குக் கடைசி ஆட்டம். ஜெயித்தால் சென்னை.

எதிராளியின் ராஜா மூலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறது. ராணியை ஒரு கட்டம் நகர்த்தினால் செக்மேட். எனக்கே தெரிகிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! இவர் கடிகாரத்தில் இன்னும் பத்து செகண்ட் இருக்கிறது.

மனுஷன் விரலைத் தூக்கினார்... அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, தட்டுங்க! என்னத்தப் பாத்துக்கிட்டே இருக்கீக?"

விரல் இறங்கவே இல்லை. ஏழு... ஐந்து... மூன்று... போச்சு.

நெட் போய்விட்டதா? இல்லை. கண் தெரியவில்லையா? அதுவும் இல்லை. அவரே மெதுவாகச் சொன்னார்: "பழகிப் போச்சு புள்ள. பத்துக்குக் கீழ வந்தா கை தானா நின்னுருது."

இது எப்பேர்ப்பட்ட பழக்கம்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

இவருக்கு வேலை நாரணாபுரத்தில், ஒரு பட்டாசு கம்பெனி ஆபீஸில். ஆர்டர், லோடு எல்லாம் இவர் பொறுப்பு. முதலாளி சின்ன வயசுக்காரர். இவரை வாய் நிறைய "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்த நேரத்தில் அவருக்கு செஸ் பைத்தியம் பிடித்தது.

"அண்ணே, நீங்க நல்லா ஆடுவீகளாம்ல? வாங்க, ஒரு கை பாப்போம்."

இவரும் வெள்ளந்தியாகப் போய், எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு போனில் ஆடி, ஒரே நிமிடத்தில் மேட் வைத்துவிட்டு வந்தார். மறுநாளே ஆனைக்குட்டம் பக்கத்து யூனிட்டில் சரக்கு சரிபார்க்க அனுப்பிவிட்டார்கள். அங்கே போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெடிமருந்து புழங்குகிற இடம், அதில் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் சீசன் இல்லாத நேரத்தில் அங்கே சரிபார்க்க என்ன சரக்கு இருந்தது?

திரும்பி வந்த இவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து தோற்க ஆரம்பித்தார்.

தப்பாக நகர்த்தித் தோற்கலாமே என்கிறீர்களா? முடியாது. ஆட்டம் முடிந்ததும் எந்த நகர்த்தல் மடத்தனம் என்று ஆப்பில் இருக்கிற கம்ப்யூட்டர் புட்டுப் புட்டு வைத்துவிடும். முதலாளி அதை வரி விடாமல் படிக்கிறவர். டைமில் தோற்றால் மட்டும்தான் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, ஒழுங்காக ஆடவேண்டியது. கடைசிப் பத்து செகண்ட் வந்ததும் தாடையைச் சொறிந்துகொண்டு, யோசிக்கிற மாதிரி உட்கார்ந்துவிட வேண்டியது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் இதுதான் வேலை.

ஜெயிக்க ஜெயிக்கக் கூடுகிற ரேட்டிங் புள்ளி முதலாளிக்குக் கிடுகிடுவென்று ஏறியது. ஆபீஸ் முழுக்க சாத்தூர் சேவு வாங்கிக் கொடுத்தார். "பிளிட்ஸ்ல மூளையை விட வேகம்தாம்ணே முக்கியம்" என்று இவருக்கே பாடம் வேறு! பிளிட்ஸில் முன்னேறுவது எப்படி என்று யூடியூபில் எக்கச்சக்கமாக வீடியோ கிடக்கிறது. எல்லாம் வீண். உங்களிடம் சம்பளம் வாங்குகிற ஒருவரை எதிரே உட்கார வைத்து ஆடுங்கள். முன்னேற்றம் தன்னால் வரும்.

முதலாளியின் மொக்கை ஜோக்குக்குச் சிரிப்பவர்கள் உங்கள் ஆபீஸிலும் இருப்பார்கள்தானே? கொஞ்ச நாளில் அவர்களுக்கு நல்ல ஜோக்குக்கும் அதே சிரிப்புதான் வரும். சொந்தச் சிரிப்பு எங்கே போனது என்று தேடினாலும் கிடைக்காது. நடிக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம் — கைக்கும் வாய்க்கும் அது தெரியாதே!

எனக்கு வயிறு எரிகிறது. பாதி எரிச்சல் முதலாளி மேல், மீதி இவர் மேல். கல்யாணமான நாளிலிருந்து தனக்கென்று எதையும் கேட்காத மனுஷன். "சென்னைக்குப் போய் ஒரு தடவை ஆடணும்" என்று வாய்விட்டுச் சொன்னது ஒன்றுதான் அவருடைய ஆசை. அதையும் அந்த விரல் தின்றுவிட்டது.

அந்த ஆட்டத்தை முதலாளியும் வீட்டிலிருந்தபடி போனில் பார்த்துக்கொண்டிருந்தாராம். தோற்ற கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப் வந்தது.

"பாத்தேம்ணே. ரொம்ப யோசிக்கீக. உங்களுக்கு ஸ்பீடு பத்தாது. நாளைக்கு வாங்க, நான் சொல்லித் தாரேன்."

நான் இவர் முகத்தையே பார்த்தேன். இப்போதாவது நறுக்கென்று ஒரு வார்த்தை...

"சரிங்க முதலாளி" என்று தட்டி அனுப்பினார்.

அதற்கு ஒரு செகண்ட்கூட ஆகவில்லை.