மழை எடுபடாத ஊர்

நாட்டின் தலைநகரில் சரோஜினி நகர், 1996 மே. அரசுக் குடியிருப்பு வீடொன்றின் கூடத்தில், நான் தமிழாக்கிய அயர்லாந்து நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது. இதற்காகத்தான் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். நாளை அரங்கேற்றம். சாகக் கிடந்தும் அதட்டல் குறையாத தாயிடம் மகள் கத்துகிறாள்: "நீ மழை மாதிரிம்மா. நிக்கவே மாட்டே!"

சிரிக்க வேண்டிய இடம். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

தாயாக நடிக்கும் சாரதா, ஏதோ அமைச்சகத்தில் வேலை பார்ப்பவர், பாயில் படுத்தபடியே என்னைப் பார்க்கிறார்.

"இந்த வெயில்ல மழைன்னா கையெடுத்துக் கும்பிடுவோம் சார். பொண்ணு அம்மாவைக் கொஞ்சுற மாதிரில்ல இருக்கு?"

"அங்கே வருஷம் பூரா மழைங்க. அது அவங்களுக்கு எரிச்சல்."

"அச்சா! எங்க எரிச்சல் அதோ இருக்கு." ஜன்னலில் தடதடத்தபடி குளிர்காற்று வீசும் கூலரைக் காட்டுகிறார். "ராத்திரி பகல்னு இல்லாம ஒரே இரைச்சல்."

வசனத்தை மாற்றுகிறேன். "நீ கூலர் மாதிரிம்மா. ஓயவே மாட்டே!" கூடமே சிரிக்கிறது.

அப்போது கரண்ட் போகிறது. கூலர் நின்று, அனல் மெதுவாக உள்ளே நுழைகிறது. மகளாக நடிப்பவளின் சிரிப்பு பாதியில் அடங்குகிறது.

பாயிலிருந்து சாரதா சொல்கிறார்: "பாத்தீங்களா சார், அம்மா போயிட்டா."