தவக்காலத்தில் மட்டும் நல்ல ரத்தம்

போன புதன்கிழமை காலை கம்பெனி பஸ்ஸில் ஏறினேன். டிரைவர் சவரிநாதன் அண்ணன் நெற்றியில் சாம்பல் சிலுவை. விடியற்காலைப் பூசை முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறார். சாம்பல் புதன் ஆயிற்றே... அன்று தொடங்கி ஈஸ்டர் வரை தவக்காலம்.

"இந்த வருஷம் என்ன விடப் போறீங்கண்ணா?" என்று கேட்டேன்.

சிரித்தார். அந்தச் சிரிப்பு புரிய வேண்டுமென்றால் போன வருஷக் கதையைச் சொல்ல வேண்டும்.

சவரியண்ணன் பெங்களூரு மர்பி டவுன்காரர். அல்சூரிலிருந்து பீன்யாவில் இருக்கிற கம்பெனிக்கு எங்களைப் பல வருஷமாக ஏற்றிக்கொண்டு போகிறவர். யஷ்வந்த்பூரில் ஃப்ளைஓவருக்குத் தோண்டிப்போட்ட பள்ளங்களுக்கு நடுவிலும், பின் சீட்டில் தூங்குகிறவர்களின் தூக்கம் கலையாமல் ஓட்டுவார்.

தவக்காலத்தில் அவர் வேறு ஆள். கறி கிடையாது. குவார்ட்டர் கிடையாது. டீயில் சர்க்கரை கிடையாது. வெள்ளிக்கிழமை ஒருசந்தி — ஒருவேளைதான் சாப்பாடு. சாயங்காலம் சிலுவைப்பாதைக்குக் கோயில் வரை நடந்தே போவார். ஈஸ்டர் அன்று? பிரியாணி, பன்றிக்கறி, ஒயின், கேக்... எல்லாம் திரும்பி வந்துவிடும். கொஞ்ச நாளில் தொப்பையும்.

எங்கள் டிரைவர்களுக்கு வருஷாவருஷம் மெடிக்கல் செக்கப் உண்டு. எப்போது? மார்ச்சில். அதாவது, சரியாகத் தவக்காலத்தில். ரிப்போர்ட் பளிச்சென்று வரும். அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். யாரையும் ஏமாற்றவில்லை, பாவம். மாதம் அப்படி அமைந்துவிட்டது.

போன வருஷம் கம்பெனி டாக்டர் மாறியதில் செக்கப் ஜூனுக்குத் தள்ளிப்போனது. அண்ணனின் ரிப்போர்ட்டில் இடுப்புச் சுற்றளவு கொஞ்சம் அதிகம். பிரஷர் கொஞ்சம் அதிகம். சர்க்கரை, கொழுப்பு — அதுவும் கொஞ்சம் கொஞ்சம்.

நான் பர்சனல் டிபார்ட்மென்ட். என்னிடம்தான் வந்தார்.

"எல்லாம் பார்டர்தானே மேடம்? லேப்ல இன்னாவோ மாத்திட்டாங்க. மார்ச்சுல எடுக்கச் சொல்லுங்க, கிளீனா வரும். வண்டிய மட்டும் புடுங்கிட வேணாம்னு சொல்லுங்க."

ஸ்டியரிங் போய்விட்டால் மனிதர் என்ன செய்வார் என்று எனக்கும் கலக்கமாகிவிட்டது.

புது டாக்டரம்மா கூப்பிட்டனுப்பினார். அண்ணனோடு அவர் மனைவி ஸ்டெல்லாவும் வந்தார். நானும் துணைக்குப் போனேன். அண்ணனைப் படுக்கவைத்து, கையிலும் காலிலும் ஒரே நேரத்தில் பட்டை கட்டினார்கள். நாடித்துடிப்பு எவ்வளவு வேகமாகக் காலுக்குப் போய்ச் சேருகிறது என்று பார்க்கிற சோதனையாம். வேகமாகப் போனால் நல்லதுதானே? இல்லையாம். ரத்தக்குழாய் விறைத்துப்போனால்தான் அப்படி ஓடுமாம்.

"உங்களுக்கு ஐம்பது வயசு. உங்க ரத்தக்குழாய் அறுபத்தஞ்சு வயசுக்காரர் குழாய் மாதிரி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஒவ்வொண்ணும் ஸ்வல்பதான் ஜாஸ்தி. ஆனா எல்லாம் சேர்ந்துட்டா குழாய் கெட்டியாகும். அப்புறம் ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக்."

"நான் நாப்பது நாளு நோன்பு இருக்கறவன் டாக்டரம்மா."

"அந்த நாப்பது நாளுதான்" என்றார் ஸ்டெல்லா. "மத்த நாள்ல நான் சொல்றது இவரு காதுலயே வுழாது."

அண்ணன் அதிர்ந்துபோனார். "இன்னா ஸ்டெல்லா, வேலைக்கு ஒல வெச்சிடுவ போலருக்கே?"

"வேல போனா போவட்டும். நான் நாலு வூட்ல பாத்திரம் தேய்ச்சு சாப்பாடு போடறேன். நீ போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? பஸ்ல அத்தன பேரு ஒக்காந்துனு வராங்களே, அவங்க வூட்டுக்கு யாரு பதில் சொல்றது?"

சொல்லிவிட்டு அழுதார்.

"நாப்பது நாள்ல ரத்தம் தெளியும்" என்றார் டாக்டரம்மா, மெதுவாக. "குழாய் வருஷம் பூரா நீங்க சாப்பிட்டதுக்குக் கணக்கு சொல்லும். மூணு மாசம் பஸ் வேண்டாம். மாத்திரை, நடை, சாப்பாட்டுல கட்டுப்பாடு. அப்புறம் பாக்கலாம்."

அந்த மாதங்களில் அவருக்குக் கேட்டில் வேலை. தினமும் எங்கள் பஸ் உள்ளே நுழையும்போது டயரைத்தான் பார்ப்பார். எங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார். அதைப் பார்க்க எங்களுக்கும் கஷ்டமாக இருக்கும்.

அவரைச் சொல்லி என்ன? நம் கதை மட்டும் என்ன வாழ்கிறதாம்? டெஸ்ட்டுக்கு முந்தின வாரம் ஸ்வீட்டை நிறுத்துகிறோம் — விருந்தாளி வருகிற அன்றைக்கு மட்டும் வீட்டைக் கூட்டுகிற மாதிரி. ரிப்போர்ட் நன்றாக வந்தால்? அதைக் கொண்டாட ஒரு மைசூர்பாக்.

மூன்று மாதம் கழித்து மறுபடி பட்டை கட்டினார்கள். இடுப்பு இளைத்திருந்தது. பிரஷர் இறங்கியிருந்தது. குழாயின் விறைப்பு? கொஞ்சம்தான் தளர்ந்திருந்தது. முழுக்கப் பழையபடி ஆகாது, இனி கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, டாக்டரம்மா ஓட்டுவதற்கு அனுமதி கொடுத்தார். அன்று பஸ்ஸில் கைதட்டினோம். அண்ணன் ஹாரனை அடித்துக் கண்ணீரை மறைத்துக்கொண்டார்.

இனி புதன்கிழமைக்கு வருகிறேன். என்ன விடப் போகிறீர்கள் என்று கேட்டேன் அல்லவா?

"விடறதுக்கு இன்னா மேடம் பாக்கி இருக்குது? எல்லாம் ஜூன்லயே விட்டாச்சு. இப்ப வருஷம் பூரா தவக்காலந்தான்."

"ஈஸ்டருக்குமா?"

"ஈஸ்டருக்கு ஒரே ஒரு துண்டு கறி" என்று கியரை மாற்றினார். "ஸ்டெல்லாதான் வெட்டும்."

துண்டு எவ்வளவு பெரியது என்று நான் கேட்கவில்லை... ஸ்டெல்லாவை எனக்குத் தெரியும்.