கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு தாழி

பக்கத்து வீட்டு மக்வாலா அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் அந்தச் சனிக்கிழமையைத்தான் சொல்வேன்.

ரஷ்யப் படை எங்கள் ஜார்ஜியாவுக்குள் வந்து மேட்டு ஊர்களைப் பிடித்துக்கொண்டது. ஐந்து வருடம் கழித்து ஒரு காலையில் வந்து, இதுதான் எல்லை என்று அக்கா வீட்டுக்குப் பின்னால் பச்சைக் கம்பி வேலி அடித்தார்கள். வீடு இந்தப் பக்கம். மேட்டிலிருந்த திராட்சைத் தோட்டமும், அதில் கழுத்துவரை புதைத்த தாழியும் அந்தப் பக்கம். பத்தே அடி தூரம்தான். யாரைக் கேட்டு அடித்தார்கள், படுபாவிகள்?

அந்தத் தாழி, மகள் நெஸ்தான் பிறந்த வருடம் அக்காவின் கணவர் மிரியான் ஒயின் நிரப்பி மூடியது. பிள்ளை பிறந்தால் மூடுவோம், அதன் கல்யாணத்துக்குத்தான் திறப்போம். மிரியான் போய்ச் சேர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நெஸ்தானுக்குக் கல்யாணம்.

“மாப்பிள்ளை வீட்டுல ஒயின் கொண்டு வர்றாங்களேக்கா,” என்றேன்.

“அத அவங்களே குடிக்கட்டும். எம்பொண்ணு கல்யாணத்துல அவ அப்பன் ஒயின்தான். ஜும்பர், தோட்டத்துக்கு மருந்தடிப்பியே, அந்தக் குழாய் எங்க?”

“அது ஆப்பிளுக்கு விஷம் அடிச்ச குழாய்க்கா.”

“அப்ப புதுசு வாங்குடா, கஞ்சப்பயலே!”

வாங்கினேன்.

ரோந்து ஜீப் ஒன்பது மணிக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் திரும்பும். பசுவைத் தேடி அந்தப் பக்கம் போன பக்கத்து ஊர்க்காரரை இரண்டு மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். அக்கா பிடிபட்டால் கல்யாணமே நின்றுவிடும். ஜீப் மறைந்ததும், மழைத் தண்ணீர் வேலிக்கடியில் அரித்த பள்ளத்தில் படுத்தாள். பாதியில் மாட்டிக்கொண்டாள். நானும் நெஸ்தானும் காலைப் பிடித்துத் தள்ளினோம்.

“மெதுவாடா! நான் என்ன மாவு மூட்டையா?”

பாவாடை கிழிய உள்ளே போய்விட்டாள். மண்ணைத் தோண்டிக் கல்மூடியைப் புரட்டிக் குழாயை இறக்கினாள். கீழே அக்கா வீட்டு முற்றத்தில் நெஸ்தான் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சினாள். இருமினாள், சிரித்தாள், வாயெல்லாம் சிவப்பு. கொட்டியது பாருங்கள்! கேன் கேனாக நிரம்பியது.

எல்லாம் முடிந்தபோது பத்தேகால். “வாக்கா, போதும்!” என்றேன். அவள் அசையவில்லை. மடியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து, குப்புறப் படுத்துக் கையை உள்ளே விட்டு, தாழியடியில் மிச்சமிருந்ததை மொண்டாள். தாழி திறந்தால் முதல் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை பேசாமல் நாங்கள் குடிப்பதில்லை. எங்களுக்கு நாலு வார்த்தை என்றால் நானூறு.

“மிரியான்,” என்று நிமிர்ந்து நின்று தொடங்கினாள். “ஒம்பொண்ணு நல்லா வளந்துட்டா...”

அப்போது ஜீப் சத்தம் கேட்டது. இன்றைக்கென்று சீக்கிரம் வந்து தொலைந்தது!

“அம்மா, வந்துரும்மா!” என்று நெஸ்தான் கத்தினாள்.

“பேசிட்டிருக்கேன்ல,” என்றாள் அக்கா. மாப்பிள்ளையைப் பற்றிச் சொன்னாள், போன வருட ஆலங்கட்டி மழையைப் பற்றிக்கூடச் சொன்னாள். பிறகு நிதானமாகக் குடித்தாள். மூடியைத் தள்ளி, காலால் மண்ணைப் போட்டு, பள்ளத்துக்குள் பாய்ந்தாள். நாங்கள் இழுத்த இழுப்பில் மூவருமாக உருண்டு விழுந்தோம். ஜீப்பிலிருந்த சிப்பாய் எட்டிப் பார்த்தபோது, சேறு பூசிய மூன்று பேர் கேன்களைக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கல்யாணத்தில் மிரியானின் ஒயின் ஓடியது. நான் அழுதேன்.

நேற்று அக்கா வந்து என் வாசலில் நின்றாள். இந்த வருடம் விலைக்கு வாங்கி மிதித்த திராட்சையின் கறை காலில் காயவில்லை.

“பேத்தி பொறந்திருக்காடா. மருந்தடிக்கிற பம்புல புதுசு ஒண்ணு வாங்குனா, ஒயினை மேட்டுக்கு ஏத்துமா?”

“தாழிய யாரு கழுவுறது?”

“ஒம்பதுக்கும் பதினொண்ணுக்கும் நடுவுல கழுவிரலாம். இந்தத் தடவ நீயும் உள்ள வா. அவ கல்யாணத்துக்கு நான் இருப்பனோ என்னமோ, எடம் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்.”